பீடித் தட்டைச் சுற்றி நடந்த புதன்கிழமைக் கூட்டங்கள்: ஓர் ஈராசிரியர் பள்ளியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், 2022 ஜூன் முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அப்போது நான் அங்கே இடைநிலை ஆசிரியை. தலைமையாசிரியரும் நானுமாக இரண்டு பேர். ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 58 குழந்தைகள், 41 குடும்பங்கள். அவற்றில் 33 வீடுகளில் யாராவது ஒருவர் பீடி சுற்றினார். பெரும்பாலும் தாய், சில வீடுகளில் பாட்டியும் அத்தையும் சேர்ந்து. தந்தையரில் பலர் கேரளத்தில் கட்டட வேலையிலோ கடைகளிலோ இருந்தார்கள்.

அந்த ஆண்டு பள்ளிக்கு இரண்டு வகையில் புதியது. கொரோனாவுக்குப் பிந்தைய கற்றல் இழப்பை ஈடுசெய்ய ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் ஜூன் மாதம் தொடங்கியது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்க வேண்டும். மாநிலம் முழுவதும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் அப்போது மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு, இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி எங்கள் குழுவின் 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய், பீடித் தொழிலாளி. தேர்தல் நாளன்று பள்ளி நிறைந்திருந்தது. அடுத்த மாதமே வெறிச்சோடியது.

முதலில் கண்டவை

குழுக் கூட்டம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்று மேலிருந்து அட்டவணை வந்தது. செப்டம்பர் கூட்டத்தின் பதிவேட்டில் 17 கையெழுத்துகள் இருந்தன; அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். மற்றவை பதிவேட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வாங்கியவை. இதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை, எனக்கும்தான். "இந்த ஊரில் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை" என்பது ஆசிரியர் அறையில் நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்ட வாசகம். எனக்கு முன்பிருந்தவர்களும் அதையே விட்டுச் சென்றிருந்தார்கள்.

வகுப்பறையில் கண்டது வேறு. மூன்றாம் வகுப்பின் 13 பேரில் ஐந்து பேர் ஒரு வாக்கியத்தை எழுத்துக்கூட்டிக்கூட முடிக்கவில்லை. குழுத் தலைவரின் மகள் காலை முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். ஒருநாள் அவளுடைய நோட்டைத் திருத்தும்போது ஓரங்களில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்துக் கையை நீட்டச் சொன்னேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகத்தடி வரை புகையிலைக் கறை ஏறியிருந்தது. சுற்றி நூல் கட்டிய பீடியின் வாயை உள்ளே மடக்கி மூடுவது சின்ன விரல்களுக்கு எளிதாக வரும் வேலை. இரவு ஒன்பதரை வரை அவள் அதைச் செய்துவிட்டுத்தான் தூங்குகிறாள் என்று அவளே சொன்னாள், பெருமையாகவே.

முதல் முடிவு: புகார் கொடுப்பதா, போய்ப் பேசுவதா

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் பீடி தயாரித்தல் தொடக்கம் முதலே இடம்பெற்றிருக்கிறது. எனவே முறைப்படி புகார் கொடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. தலைமையாசிரியர் சார் மறுத்தார். இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை எண்ணி வாங்கும் பீடிக்கடையில் எந்தக் குழந்தையும் வேலை செய்யவில்லை. வேலை வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. விசாரணை வந்தால் கடைக்காரர் தனக்குத் தெரியாது என்பார், கடையில் அன்றாட வேலையைப் பதியும் பாஸ் புத்தகம் பறிபோவது தாய்க்கு, அதோடு அந்த வீட்டுக் கதவு பள்ளிக்கு நிரந்தரமாக மூடிவிடும் என்பது அவருடைய வாதம். கடைசியில் ஓர் எல்லை வகுத்துக்கொண்டோம்: பள்ளி நாளில் பீடி வேலைக்காகக் குழந்தையை நிறுத்தி வைத்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது, மாலை வேலையைப் பேசிக் குறைப்பது. இந்த முடிவு சரிதான் என்று இன்றும் என்னால் முழுமனதோடு சொல்ல முடியவில்லை. ஆனால் பின்னால் நடந்தவை யாவும் இதிலிருந்துதான் தொடங்கின.

வீடுகளுக்குப் போவதற்கு சார் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பதிவேடோ படிவமோ கையில் இருக்கக் கூடாது. முதல் முறை போகும்போது பிள்ளையைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லக் கூடாது. இரண்டாவது நிபந்தனை எனக்கு வேடிக்கையாகப் பட்டது. குறை சொல்லாமல் பெற்றோரிடம் எதைப் பேசுவது என்பதே எனக்குத் தெரியவில்லை என்று போன பிறகுதான் புரிந்தது.

2022 அக்டோபர்: திண்ணைகளில் கேட்டவை

பள்ளி விட்ட பிறகு மூன்று வாரங்களில் 29 வீடுகளுக்குப் போனோம். நனைத்து வைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிப்பவர்களும், மடியில் தட்டை வைத்துச் சுற்றுபவர்களுமாகப் பெண்கள் நாலைந்து பேர் ஒரே திண்ணையில் இருப்பார்கள். கை நிற்காது; பேச்சும் நிற்காது. நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்கள் பிள்ளையைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது என்ன?

கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று நாங்கள் கேட்காமலே விடை வந்தது. பீடிக்கடையில் சரக்கை எண்ணி வாங்கும் நேரம் பிற்பகல் மூன்று முதல் ஐந்து. அந்த நேரத்தில் போகாவிட்டால் அன்றைய பீடி வீட்டில் தங்கிவிடும். மறுநாளைக்கு இலையும் தூளும் கிடைக்காது. பாஸ் புத்தகத்தில் ஒரு நாள் விடுபடும். "மூணு மணிக்குக் கூட்டம்னா ரெண்டு நாள் கூலி போச்சு டீச்சர். அது தெரிஞ்சுதான் வச்சிருக்கியன்னு நெனச்சோம்" என்றார் ஒருவர். அவர்கள் வரக் கூடாது என்பதற்காகவே பள்ளி அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று அந்தத் திண்ணை நம்பியிருக்கிறது. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று பள்ளி நம்பியிருக்கிறது.

இன்னும் இரண்டு செய்திகள் கிடைத்தன. இரண்டாம் வகுப்பில் எதற்கும் திரும்பிப் பார்க்காத பையன் ஒருவனைக் கவனக்குறைவானவன் என்று நான் குறித்து வைத்திருந்தேன். அவனுடைய பாட்டி, "அவனுக்கு எடது காது மந்தம்லா, வலது பக்கம் நின்னு கூப்பிடுங்க" என்றார். பல மாதங்களாக அவனை இடது காது என் பக்கம் இருக்கும்படி சுவரோரம் உட்கார வைத்திருந்தேன். மறுநாள் இடம் மாற்றினேன். பிறகு வட்டார வள மையத்தின் மருத்துவ முகாமுக்கு அனுப்பினோம், காது கேட்கும் கருவி கிடைத்தது. இன்னொரு செய்தி வீட்டுப்பாடம் பற்றியது. ஒரே சொல்லைப் பத்து முறை எழுதிவரச் சொல்வது எங்கள் வழக்கம். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, எழுதி முடித்த பிறகும் அந்தச் சொல்லை வாசிக்கத் தெரியவில்லை என்று, தாமே வாசிக்கத் தெரியாத ஒரு தாய் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, நோட்டை மூடி வைத்துவிட்டு என்ன எழுதினாய் என்று கேட்டாராம். நவம்பர் முதல் அந்த வீட்டுப்பாடத்தை நிறுத்தினோம். பெற்றோர் சொல்லிப் பள்ளி மாற்றிக்கொண்ட முதல் விஷயம் அது. அந்தச் செய்தி தெருவில் எங்களைவிட வேகமாகப் பரவியது.

கூட்டத்துக்கு இடமும் நேரமும் தேடியது

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மாற்றும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அதைப் பெயரளவில் தொடர்ந்துகொண்டு, கணக்கில் வராத இன்னொரு கூட்டத்தை நடத்தத் தீர்மானித்தோம். முதலில் ஞாயிறு காலை பத்து மணி. பீடிக்கடை விடுமுறை என்பதால் எல்லோரும் வருவார்கள் என்று கணக்கிட்டோம்; நான்கு பேர் வந்தார்கள். துணி துவைப்பதும் ரேஷன் அரிசியைப் புடைப்பதும் கோயிலுக்குப் போவதும் வாரத்தில் அந்த ஒரு நாளில்தான் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பிறகு குழுத் தலைவரே புதன்கிழமை மாலை ஐந்தரை என்று சொன்னார். கடைக்குப் போய்த் திரும்பி, மறுநாளைக்கான இலையை நனைத்துவிட்டு, உலை வைப்பதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம். நாங்கள் ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டே வரலாம் என்று சொன்னோம்.

இடத்தில் தவறினோம். காற்றோட்டமாக இருக்கிறதே என்று ஊர் நடுவில் உள்ள கோயில் மண்டபத்தில் முதல் இரண்டு கூட்டங்களை வைத்தோம். கீழத்தெருவிலிருந்து 14 குழந்தைகள் எங்களிடம் படிக்கிறார்கள். அந்தத் தெருப் பெண்கள் மூன்று பேர் வந்து மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே கேட்டுவிட்டுப் போனார்கள். ஏன் உள்ளே வரவில்லை என்று நான் சத்தமாகக் கூப்பிட்டது அதைவிட மோசமான செயல். அவர்களும் உள்ளே இருந்தவர்களும் தலை குனிந்தார்கள். மூன்றாம் கூட்டத்திலிருந்து பள்ளித் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். அங்கே பிள்ளைகள் உட்காரும் வரிசையில் தாய்மார் உட்கார்ந்தார்கள். தெருவாரியாகப் பிரிந்து உட்காரும் பழக்கம் முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் வெளியே நிற்கவில்லை.

2022 டிசம்பர்: வாட்ஸ்அப் குழுவில் செய்த பிழை

இந்த ஆய்வில் பிறர் தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். கேரளத்தில் இருக்கும் தந்தையரையும் சேர்க்கும் நோக்கத்தில் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தோம். பருவ முடிவில், தொடக்க நிலையான அரும்பிலேயே இருக்கும் ஏழு குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை, "கூடுதல் கவனம் தேவை" என்ற தலைப்போடு நான் அதில் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன் என்பதால் இரவில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் ஒரு சிறுவன் வரவில்லை. ஆறு நாட்கள் வரவில்லை. அவனுடைய தந்தை வேலை செய்யும் இடத்தில் கூட இருந்த ஊர்க்காரர்கள் பட்டியலைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறார்கள்; அவர் தொலைபேசியில் மனைவியைத் திட்டித் தீர்க்க, அந்தக் கோபம் பையன் முதுகில் விழுந்திருக்கிறது. நான் வீட்டுக்குப் போனபோது அவனுடைய தாய் எழுந்திருக்கவில்லை, தட்டையும் இறக்கி வைக்கவில்லை. "படிக்கலன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா டீச்சர். ஊருக்கே எதுக்குச் சொன்னிய?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை எல்லோர் முன்னும் அதையே சொன்னேன். எந்தக் குழந்தையின் பெயரும் மதிப்பெண்ணும் புகைப்படமும் குழுவில் வராது. தனிப்பட்ட செய்தியைத் தாயிடம் நேரிலோ தந்தையிடம் தனி அழைப்பிலோதான் சொல்வோம் என்று முடிவெடுத்தோம். ஆசிரியை தவறை ஒப்புக்கொண்டதுதான் கூட்டங்களுக்கு உயிர் கொடுத்தது என்று தலைமையாசிரியர் சார் பின்னாளில் சொல்லுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாய் அடுத்த நான்கு மாதங்கள் கூட்டத்துக்கு வரவே இல்லை.

2023: பெற்றோரிடம் எதைக் கேட்பது

வாசிக்கத் தெரியாத தாயிடம் "வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்பதில் பொருள் இல்லை. ஆனால் பீடி சுற்றும்போது கையும் கண்ணும்தான் வேலையில் இருக்கின்றன. காது சும்மா இருக்கிறது. எனவே ஜனவரியில் ஒன்றே ஒன்றைக் கேட்டோம்: தினமும் பத்து நிமிடம் பிள்ளை உங்கள் எதிரே உட்கார்ந்து உரக்க வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். வாசித்த நாளுக்கு ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு, வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு டப்பாவில் ஏழு நாளுக்கு 11 கொட்டைகள் இருந்தன. மூன்றாம் வாரத்தில் கொட்டை விற்பனையே நடந்தது. ஒரு பென்சிலுக்கு ஐந்து கொட்டை என்று விலையும் படிந்திருந்தது. எண்ணுவதைக் கைவிட்டோம். அதற்குப் பதிலாக, புதன்கிழமைக் கூட்டத்தில் தாய்மாரே அந்த வாரம் கேட்ட கதைகளில் ஒன்றைச் சொன்னார்கள். கதையின் நடுவே எங்கே தடுமாற்றம் வருகிறதோ, அங்கேதான் பெரும்பாலும் பிள்ளை வாசிக்கத் தெரியாமல் விழுங்கியிருக்கும். தேர்வு வைத்தால்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அரசின் மாலை நேரக் கற்றல் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலரான இளம்பெண் அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு மாலை வகுப்பில் திரும்ப நடத்தினார்.

மாலை ஏழரை வரை பிள்ளைகளைத் தட்டின் பக்கம் உட்கார வைப்பதில்லை என்ற உடன்பாடு பிப்ரவரியில் வந்தது. எளிதில் வரவில்லை. "எம் மவ மடக்கித் தந்தா எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்த நீங்க தாரியளா?" என்று குழுத் தலைவரே கேட்டார். தர முடியாது என்பதை ஒப்புக்கொண்டோம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம் வழங்கும் கல்வி உதவித்தொகை ஒன்று இருக்கிறது. தொடக்க வகுப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்குவது. சிறிய தொகைதான். ஆனால் இணையத்தில் விண்ணப்பித்துப் பள்ளி சரிபார்க்க வேண்டிய இந்த வேலையை அதுவரை நாங்கள் செய்யவே இல்லை. அடுத்த விண்ணப்பப் பருவத்தில் 19 விண்ணப்பங்களைப் பள்ளியிலேயே உட்கார்ந்து நிரப்பினோம். 11 பேருக்குப் பணம் வந்தது. மற்ற வீடுகளில் பலவற்றில் அடையாள அட்டையும் பாஸ் புத்தகமும் மாமியார் பெயரில் இருந்தன, பீடி சுற்றுவது மருமகள். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தங்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதைச் சில பெண்கள் அன்றைக்குத்தான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார்கள். அது எங்கள் வரம்பை மீறிய விஷயம். தொழிற்சங்கத்தாரிடம் பேசச் சொல்வதைத் தவிர நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. சமையலுக்கு வந்த மகளிர் குழுவினர் எங்கள் பிள்ளைகளின் தாய்மார்தான். ராத்திரி காய்ச்சல், நேற்று வீட்டில் சண்டை, அப்பா ஊருக்கு வந்திருக்கிறார் என்ற செய்திகள் உப்புமாவோடு சேர்ந்து காலையிலேயே வந்துவிடும். முதல் பாடவேளையில் யாரை அதட்டக் கூடாது என்று தெரிந்துகொண்டு வகுப்புக்குள் போவது எவ்வளவு பெரிய வசதி என்பதை வகுப்பெடுப்பவர்கள் அறிவார்கள்.

விளைவு

2024 ஏப்ரலில் நிலைமை இது. புதன்கிழமைக் கூட்டத்துக்கு 41 குடும்பங்களில் 20 முதல் 25 வரை வந்தன. அறுவடைக் காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் பத்துக்கும் கீழே போனது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் வருகை ஆறிலிருந்து ஒன்பதானது, அவ்வளவுதான். ஆனால் பதிவேடு வீடுகளுக்குப் போவது நின்றது. வாசிக்க முடியாதிருந்த ஐந்து பேரில் மூவர் பாடப்புத்தகத்தைத் தடங்கலின்றி வாசித்தார்கள். ஒரு குழந்தையின் குடும்பம் திருப்பூருக்குக் குடிபெயர்ந்தது. ஒரு குழந்தை இன்னும் எழுத்துக்கூட்டும் நிலையிலேயே இருந்தது. இதில் எவ்வளவு பங்கு வீட்டு வாசிப்புக்கு, எவ்வளவு எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

ஏழரை மணி உடன்பாடு சாதாரண நாட்களில் நின்றது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், கடையில் கூடுதல் சரக்குக் கேட்கும்போது, உடைந்தது. குழுத் தலைவரின் மகள் ஐந்தாம் வகுப்பை முடித்துப் பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளிக்குப் போனாள். அவள் விரல் கறை முழுதாகப் போகவில்லை. தந்தையரில் இரண்டு ஆண்டுகளிலும் கூட்டத்துக்கு வந்தவர்கள் மூவர் மட்டுமே.

மீண்டும் செய்தால் மாற்றுபவை

வீடுகளுக்குப் போவதை ஜூன் மாதத்திலேயே, குழுத் தேர்தலுக்கு முன்பே தொடங்குவேன். குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதே அதனால் மாறியிருக்கும். எங்கே கூடுவது என்பதைக் கீழத்தெருவில் முதலில் கேட்டுவிட்டு மற்றவர்களிடம் கேட்பேன். தந்தையருக்கு வாட்ஸ்அப் குழுவை நம்பாமல், மாதம் ஒருவராவது என்ற கணக்கில் தனியாக அழைத்துப் பேசுவேன். மாமியார்களை விட்டுவிட்டு மருமகள்களோடு மட்டும் உடன்பாடு செய்தது இன்னொரு குறை. பல வீடுகளில் மாலை நேரத்தைத் தீர்மானிப்பவர் தட்டில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர்தான். கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் அந்தந்த ஊரின் தொழிலுக்கு ஏற்பக் குழுவே முடிவு செய்ய அனுமதி கேட்டு முறைப்படி எழுதியிருக்க வேண்டும். புதன்கிழமைக் கூட்டத்தைக் கணக்கில் வராமல் வைத்திருந்ததால், அதில் எடுத்த எந்த முடிவுக்கும் ஏட்டில் இடமில்லாமல் போனது.

அதன் விலை எங்கள் இடமாறுதலின்போது தெரிந்தது. 2024இல் நாங்கள் இருவரும் அடுத்தடுத்து மாறுதலில் சென்றோம். புதிதாக வந்தவர்களுக்குப் பதிவேட்டில் வெள்ளிக்கிழமை மட்டுமே இருந்தது. இரண்டு மாதங்கள் புதன்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. ஆகஸ்டில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்து குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபோது, இல்லம் தேடிக் கல்வியில் இருந்த அந்த இளம்பெண் முன்னாள் மாணவியாக உள்ளே வந்தார். கூட்டத்தை அவர் திரும்பத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். ஏழு மணிப் பேருந்து இப்போது நின்றுவிட்டதால் ஆசிரியர்கள் இருப்பதில்லையாம். பள்ளிச் சாவி ஐந்தரை மணிக்குக் கிடைக்காது என்பதால் ஒவ்வொரு வாரமும் ஒரு திண்ணையில் கூடுகிறார்கள். பேசி முடித்ததை அவர் குரல் பதிவாகப் பள்ளிக்கு அனுப்புகிறார். பட்டியல் பிரச்சினையில் என்னோடு பேசாமல் இருந்த தாயின் திண்ணையும் அந்தச் சுற்றில் இருக்கிறது.